தசைத் தேய்வு நோயுள்ள மகனுக்கு ஏற்ற வீடு: திருகோணமலையில் உதவியை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: அன்புவழிபுரம் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகனுக்கு 11 வயதாகிறது. அவனுக்கு இருப்பது டூஷென் தசைத் தேய்வு நோய் என்பது கொழும்பில் செய்த மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியுள்ளது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகின்ற இந்த நோயில் இடுப்பு, தொடைத் தசைகள் முதலில் வலுவிழக்கும் என்றும், மாத்திரைகள் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது என்றும், 12, 13 வயதளவில் பெரும்பாலான பிள்ளைகள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள் என்றும் வைத்தியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இப்போது அவன் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பாயிலிருந்து எழும்புவதற்கு முதலில் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பின்னர் முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பையே பிடித்து ஏறி நிமிர வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாரி காலத்தில் வளவில் தண்ணீர் தேங்கும் இடம் என்பதால் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். முன்வாசலில் நான்கு படிகள் உண்டு. மலசலகூடம் பின் வளவில் தனியாக இருக்கிறது, அதுவும் குந்தியிருந்து பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. குந்தினால் அவனால் தானாக எழ முடியாது என்பதால் நானோ கணவரோ கூடவே நின்று கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறோம். கூச்சம் அறிகின்ற வயதுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு இது எவ்வளவு சங்கடம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் முன்வாசலில் சீமெந்துச் சரிவு கட்ட அனுமதி கேட்டபோது, பின்னர் வீட்டை விற்பதற்கு அது இடைஞ்சலாகும் என்று மறுத்துவிட்டார். கணவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் சம்பளத்தோடு மேலதிகமாகவும் ஏதோ கிடைக்கும். வாடைக்காற்று தொடங்கினால் வேலை நாட்களே குறைந்துவிடும். வேறு வாடகை வீடு தேடினால், பிள்ளையின் நிலையைச் சொன்னவுடன் சிலர் முற்பணத்தை உயர்த்துகிறார்கள், சிலர் வீடு ஏற்கெனவே போய்விட்டது என்கிறார்கள்.

எங்களுக்கென்று சொந்தக் காணி இல்லை. தம்பலகாமத்தில் என் அம்மாவின் பெயரில், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய அரை ஏக்கர் காணி இருக்கிறது. அதில் அம்மாவும் தம்பியின் குடும்பமும் வசிக்கிறார்கள். அலுவலகத்தில் விசாரித்தபோது, வீட்டுத் திட்டம் என்றால் காணி யாருடைய பெயரில் என்று கேட்டு ஒரு மேசையிலிருந்து அனுப்பினார்கள். நோய் என்றால் அது எந்தப் பட்டியலில் வருகிறது என்று கேட்டு இன்னொரு மேசையிலிருந்து அனுப்பினார்கள். அந்த நோயின் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்படியான நிலையில் யாரிடம், எந்த ஒழுங்கில் போக வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர், உவர்மலை

வணக்கம் தங்கச்சி. உங்களை இரண்டு மேசைகளும் அனுப்பிவிட்டதற்குக் காரணம், வீடும் உடற்குறைபாடும் அரச ஒழுங்கில் வெவ்வேறு கோப்புகளாக இருப்பதுதான். வீடு என்றால் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகமும், அவ்வப்போது அமைச்சுகள் அறிவிக்கும் வீட்டுத் திட்டங்களும் உண்டு. உடற்குறைபாடு என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர். அவருடைய மேசைக்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகமும், கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களமும் இருக்கின்றன. பலருக்குத் தெரியாத விடயம் என்னவென்றால், வீட்டு உதவி இந்த இரண்டாவது வழியிலும் வருகிறது. வருமானம் குறைந்த குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால் வீடு கட்டவோ, பாதியில் நிற்கும் வீட்டை முடிக்கவோ, ஏற்ற மலசலகூடம் அமைக்கவோ அந்தச் செயலகத்தினூடாக உதவி கோரலாம். ஒதுக்கீடு சிறியது, காத்திருப்போர் அதிகம். நிதி வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பின்னர் ஆவணம் தேடத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு பெரும்பாலும் கைநழுவிப் போகும் என்பதால், கோப்பை இப்போதே நிறைவாக்கி வையுங்கள்.

முதல் வேலை, மகனை உங்கள் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு ‘பட்டணமும் சூழலும்’ என்ற உங்கள் பிரதேச செயலகத்தின் மாற்றுத்திறனாளிகள் பதிவில் சேர்ப்பது. மாதாந்தக் கொடுப்பனவும் அந்தப் பதிவோடுதான் தொடங்குகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கான அந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது வீட்டுக்குப் போதாது என்பது வேறு கதை. ஆனால் அரசாங்கம் உங்கள் மகனை ஏற்கெனவே மாற்றுத்திறனாளியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு வீட்டுக் கோப்பில் அதைவிட வலுவான சான்று கிடையாது.

அடுத்தது வைத்திய அறிக்கை. இதில்தான் அரிய நோயுள்ள குடும்பங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. உதவிப் பட்டியல்களில் மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், முதியோர் என்ற பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் மகனின் நோய் பெயர் சொல்லி எங்கும் எழுதப்பட்டிருக்காது. அறிக்கையில் நோயின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிட்டால், அதை வாசிக்கும் உத்தியோகத்தருக்கு அந்தப் பிள்ளை எழுந்து நடக்குமா நடக்காதா என்பதே விளங்காது. ஆகவே மாவட்டப் பொது வைத்தியசாலையில் மகனைப் பார்க்கும் வைத்தியரிடம், அந்த நோய் உடம்பில் என்ன செய்கிறது, அதனால் வீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். நான் பதவியில் இருந்தபோது பயன் தந்த கடிதங்கள் ஏறத்தாழ இப்படி இருந்தன:

“இப்பிள்ளைக்கு உள்ள தசை நோய் பரம்பரை அலகால் ஏற்பட்டது, குணமாகாது, காலப்போக்கில் அதிகரிக்கும். தற்போது படி ஏறவோ, குந்தியிருந்து எழவோ இயலாது. அண்மைக் காலத்தில் முழு நேரமும் சக்கர நாற்காலி தேவைப்படும். பின்னர் இரவில் சுவாசத்துக்கு மின்சாரத்தில் இயங்கும் கருவியும் தேவைப்படலாம். ஆகவே படியற்ற நுழைவாயில், வீட்டோடு இணைந்த அகலமான கழிவறை, உயரமான கொமட், பிடிகம்பிகள், தடையற்ற மின்னிணைப்பு ஆகியன மருத்துவக் காரணங்களுக்காக அவசியமாகின்றன.”

‘காலப்போக்கில் அதிகரிக்கும்’ என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், வெளிக்கள விஜயத்துக்கு வருபவர் மகன் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டு, நடக்கக்கூடிய பிள்ளை என்று குறிப்பெழுதிவிடுவார். அதன் பின்னர் அந்தக் குறிப்பை மாற்றுவது பெரும்பாடு.

வாடகை கட்டுவதற்கென்று மாதாமாதம் பணம் தரும் திட்டம் எதுவும் என் சேவைக் காலத்தில் எங்கள் மேசைக்கு வந்ததில்லை. ஆகவே நீண்டகாலத் தீர்வு காணியில்தான் இருக்கிறது. காணி பற்றி நீங்கள் இன்னும் கொஞ்சம் விவரம் தந்தால் தொடர்ந்து எழுதுகிறேன்.

பதில் 2: கட்டைபறிச்சான் சக்கரம்

நான் தென்னை மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த நாளிலிருந்து சக்கர நாற்காலியில் இருப்பவன். ஐயா சொன்ன கோப்பு விடயங்களில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. வீடு கிடைத்த பின்னர் நடப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் கிடைத்த வீட்டுக்குள் போக முடியாமல் தாவாரத்தில் படுத்தவன் நான். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் ஒரு திட்டத்தில் வீடு தந்தார்கள். மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பம் என்பதற்காகத்தான் எங்களைத் தெரிவு செய்தார்கள். ஆனால் வரைபடம் மற்ற எல்லோருக்கும் தந்த அதே வரைபடம். அதே இரண்டு படி, அதே ஒடுங்கிய கழிவறைக் கதவு. தெரிவுப் பட்டியலில் புள்ளி போடுவதற்கு என் கால்கள் தேவைப்பட்டன, வீட்டைக் கட்டும்போது யாருக்கும் அவை நினைவுக்கு வரவில்லை.

எனவே சகோதரி, வரைபடம் கைக்கு வந்த அன்றே மேசனோடு இருந்து பேசிவிடுங்கள். கட்டிய பின்னர் இடித்துத் திருத்துவதற்குப் பணம் தேடுவது பெரும்பாடு.

சரிவுப் பாதைக்கு உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு 12க்கு 1. அதாவது தரையிலிருந்து வீட்டுத் தளம் ஓர் அடி உயரம் என்றால் சரிவு 12 அடி நீளம் இருக்க வேண்டும். மூதூர், வெருகல் பக்கம் மகாவலி பெருக்கெடுக்கும் என்பதால் இரண்டடிக்கு அத்திவாரம் எழுப்புகிறோம். அதற்கு 24 அடி நீளமும், இடையில் இளைப்பாற ஐந்தடிச் சமதளமும் தேவை. சிறிய வளவில் அவ்வளவு நீளம் நேராக வராது என்பதால் வீட்டுச் சுவரோடு ஒட்டி, திரும்பி வருமாறு கட்ட வேண்டும். பெரும்பாலான மேசன்மார் மோட்டார் சைக்கிள் ஏற்றும் சரிவைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவில் பின்னால் ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது. இறங்கும்போது முகம் குப்புற விழ வேண்டியதுதான். கிரவல் கொட்டி இறுக்கிய சரிவு ஒரே மாரியில் கரைந்துவிடும், ஆகவே கொங்கிறீற்றுத்தான் வேண்டும். அதன் மேற்பரப்பை மினுக்கிவிடாமல் விளக்குமாற்றால் வரி இழுத்து சொரசொரப்பாக விட வேண்டும். இரண்டு ஓரத்திலும் நாலு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டினால் சக்கரம் வெளியே சரியாது.

கதவை இரண்டரை அடி என்று சொல்வார்கள். நிலையும், திறந்து நிற்கும் கதவின் தடிப்பும் போக, உள்ளே கிடைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. சக்கரத்தின் வெளி வளையத்தைப் பிடித்துத் தள்ளும் விரல்களுக்கும் இடம் வேண்டுமல்லவா? என் விரல் மொழிகளில் இருக்கும் தழும்புகள் எல்லாம் அந்தக் கதவு நிலை தந்தவை. தடைகள் போகக் குறைந்தது 32 அங்குலம் திறந்திருக்க வேண்டும். மூன்றடிக் கதவு போட்டால் கவலையில்லை. கழிவறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே மகன் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளித் திறப்பது அவனுக்கே ஆபத்து. உள்ளே நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். நீங்கள் தூக்கிவிட வேண்டிய பிள்ளை என்பதால் கொமட்டின் ஒரு பக்கத்தில் நீங்கள் நிற்கவும் இடம் விடுங்கள்.

இன்னொன்று. வீடுகட்டும் பணம் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டத்தைப் பார்வையிட்ட பின்னர்தான் அடுத்தது விடுவிக்கப்படும். சாமான் விலை ஏறும்போது எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவது கழிவறையைத்தான். உங்கள் வீட்டில் அது முதலாவது அறையாக எழும்பட்டும். முன் விறாந்தை பிறகு வந்தால் போதும். தெருவிலிருந்து வாசல் வரை மணல் என்றால் சக்கரம் புதையும், அதற்கும் மூன்றடி அகலத்தில் சீமெந்துப் பாதை ஒன்றைக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிகுந்த நன்றி. ஐயா கேட்ட காணி விவரம் இதுதான். அனுமதிப்பத்திரம் அம்மாவின் பெயரில் மட்டும் இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பின்னர் காணி போய்ச் சேர வேண்டியவர், என்று அம்மா இதுவரை யாரையும் பெயர் குறிப்பிடவில்லை. ஆண் பிள்ளைக்குத்தான் போகும் என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணமாகவும் இருந்துவந்தது. காணியின் ஒரு மூலையில் நாங்கள் வீடு போடுவதற்குத் தம்பிக்கு மறுப்பு இல்லை. வாய்ச்சொல்லாக அவன் சம்மதித்திருப்பது போதுமா? இன்னொன்று, வீடு கிடைக்கும்வரை இந்த வாடகை வீட்டில் என்ன செய்யலாம்?

பதில் 3: சட்ட உதவித் தொண்டர், திருகோணமலை நகரம்

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைப் பிரித்தறிந்து வைத்திருந்தால் அலைச்சல் குறையும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வேலைவாய்ப்பு, கல்வி நிறுவன அனுமதி, பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களுக்கான அணுகல் ஆகியவற்றில் பாரபட்சத்தைத் தடுக்கிறது. அணுகல் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவையும் பொதுக் கட்டடங்களைப் பற்றியவை. தனியார் ஒருவர் தமது வீட்டை வாடகைக்கு விடுகையில் சரிவுப் பாதை அமைக்க இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இவற்றைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 28ஆம் உறுப்புரை அரச வீடமைப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் எங்கள் நாட்டில் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உள்நாட்டுச் சட்டமாக இயற்றப்படும்வரை அதை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. விண்ணப்பக் கடிதத்தில் அந்த உறுப்புரையை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

நடைமுறையில் கைகொடுப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். உங்கள் பிரிவில் வீட்டு உதவிக்கான தெரிவு அளவுகோல் என்ன, மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்கு எத்தனை புள்ளி, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கேள்வியைச் சண்டையாக எழுதாமல் தகவலாக மட்டும் கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதற்கு முன்னரே கோப்பு அசையத் தொடங்கிவிடும். பாரபட்சம் நடந்திருப்பதாக உண்மையில் கருதினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் நகரத்திலேயே இருக்கிறது. அதன் பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப் போலக் கட்டுப்படுத்தாது என்றாலும், எழுத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும்போது அலுவலகங்கள் கவனிக்கின்றன.

காணிக்கு வருகிறேன். வாய்ச்சொல் போதாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிப் பிரிக்கவோ கைமாற்றவோ முடியாது. பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிடும் ஆவணம் அம்மா உயிரோடிருக்கும்போதே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பின்னர் எழுதி வைத்திருந்த கடதாசியைக் கொண்டுபோவதில் பயனில்லை. பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் ஆண் வாரிசுக்கே முன்னுரிமை என்றிருந்த ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. ஆகவே ‘ஆண் பிள்ளைக்குத்தான்’ என்பது இப்போது குடும்பத்தின் வழக்கமே தவிரச் சட்டம் அல்ல. இதைத் தம்பியோடு நல்லபடியாக, அம்மாவின் முன்னிலையில் பேசிக்கொள்ளுங்கள். ஆவணம் தயாரிப்பதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம். வருமானம் குறைந்தவர்களிடம் சட்டத்தரணிக் கட்டணம் அறவிடமாட்டார்கள்.

பதில் 4: கிண்ணியா சகோதரி

எனக்கு இருப்பது பிறப்பிலிருந்தே எலும்புகள் எளிதில் முறியும் நோய், ஒஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா. பிளாஸ்டரோடு பார்ப்பவர்கள் விபத்து என்று நினைப்பார்கள்; பிளாஸ்டர் இல்லாமல் பார்ப்பவர்கள் வருத்தமே இல்லை என்று நினைப்பார்கள். திருமணமாகாதவள். வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, குடும்பங்களுக்குத்தான் வீடு, நீங்கள் சகோதரனின் குடும்பத்தில் அடங்குகிறீர்கள் என்று திருப்பிவிட்டார்கள். தனியாக வாழும் மாற்றுத்திறனாளிக்கு வீடு தேவையில்லை என்று யார் தீர்மானித்தார்களோ தெரியாது. உங்கள் மகன் இன்று சிறு பிள்ளை என்பதால் உங்கள் பெயரில் விண்ணப்பம் போகும். நாளை அவன் வளர்ந்த ஆளாகும்போது அந்த வீட்டில் அவனுடைய இருப்பும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை, பின்னுரித்தாளர் பற்றிப் பேசும் இந்த நேரத்திலேயே யோசித்து வையுங்கள்.

முழு வீட்டுக்காகக் காத்திருந்தபோது நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு உதவி கேட்டால் யாரும் தயங்குவார்கள். ஒரு கழிவறைக்குக் கேட்டால் ஆட்கள் முன்வருவார்கள். எங்கள் பள்ளிவாசலின் ஸகாத் நிதியிலிருந்து எனக்குக் கொமட்டும் பிடிகம்பிகளும் பொருத்தித் தந்தார்கள். உங்கள் பக்கத்தில் கோயில் நிர்வாகம், லயன்ஸ் கழகம், ரோட்டரிக் கழகம், வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் என்று வழிகள் இருக்கும். கேட்கும்போது பொருளின் பெயரோடும் கடையின் விலைக் கூற்றோடும் கேளுங்கள். பணமாகக் கேட்காமல் கடைக்கே நேராகக் கட்டச் சொன்னால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

வாடகை வீட்டுக்கு நான் செய்தது, எடுத்து வைக்கக்கூடிய இரும்புச் சரிவு. ஒட்டு வேலை செய்யும் கடையில் தடித்த, பூப்போட்ட தகட்டில் இரண்டு துண்டுகளாகச் செய்வித்தோம். சீமெந்து இல்லை, சுவரில் ஆணியும் இல்லை என்பதால் உரிமையாளர் ஒத்துக்கொண்டார். போகும்போது கழற்றிக்கொண்டு போவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினோம். உங்கள் நான்கு படிக்கு அது மிக நீளமாகத் தேவைப்படும். அதற்கு வளவு இடம் கொடுக்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். மலசலகூடத்துக்கு நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. குந்தும் தொட்டிக்கு மேலேயே அதை வைக்கலாம், ஆனால் அதன் கால்களுக்கு இறப்பர் அடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத் தரையில் வழுக்கி என் வலது தொடை முறிந்தது அப்படியொரு நாற்காலியால்தான்.

பதில் 5: ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர், உவர்மலை

தொண்டர் காணிச் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நிர்வாகப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் வசிப்பது பட்டணமும் சூழலும் பிரிவில், காணி இருப்பது தம்பலகாமம் பிரிவில். மகனின் பதிவும் கொடுப்பனவும் வசிக்கும் இடத்தில் நடக்கும். வீட்டு விண்ணப்பமோ காணி இருக்கும் பிரிவில்தான் பரிசீலிக்கப்படும். இந்தப் பிளவில் கோப்புகள் மாதக் கணக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமிருந்து மகனின் பதிவை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றைப் பெற்று, அதைத் தம்பலகாமம் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் காணி உத்தியோகத்தருக்கும் ஒரே நாளில் நேரில் கொடுங்கள். அம்மாவும் கூட வந்தால் சம்மதம் அங்கேயே எழுத்தில் முடியும்.

ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டுப் போங்கள். மகனின் பாடசாலையும், உடற்பயிற்சிச் சிகிச்சையும், கணவரின் வேலையும் நகரத்தை அண்டி இருக்கின்றன. காணி இலவசம் என்பதற்காகத் தம்பலகாமத்தில் வீடு போட்டு, பின்னர் ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் முச்சக்கர வண்டிக்குக் கொடுப்பனவில் பாதியைக் கொடுக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நகரப் பிரிவிலேயே காணியற்றவராகப் பதிவு செய்து, அரச காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் காணிக் கச்சேரிக்குக் காத்திருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் பட்டணத்துக்குள் பகிர்ந்தளிக்க அரச காணி அருமை. என் அபிப்பிராயத்தில் மகனின் உடல்நிலைக்கு அந்தக் காத்திருப்பு ஒத்துவராது. தம்பலகாமத்தை முதலில் பிடித்துக்கொண்டு, பாடசாலை மாற்றத்தைப் பற்றி அங்குள்ள கோட்டக் கல்வி அலுவலகத்தில் இப்போதே பேசுவது நல்லது. கட்டைபறிச்சான் தம்பி சொன்ன அளவுகளை ஒரு தாளில் எழுதி, வைத்திய அறிக்கையோடு இணைத்து, வரைபடம் வரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணும்படி கோப்பின் முன்பக்கத்தில் வையுங்கள். ஒப்படைக்கும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.